அணை ஆடுதா, ஆடலையா? – ஒரு குட்டிக் கருவியின் கதை

எங்க தேனிப் பக்கம் நிலநடுக்கம்னு பேச்செடுத்தா அடுத்த வார்த்தை பெரியாறு அணைதான். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணிதானே உயிர்! 'தாங்காது'ன்னு மலைக்கு அந்தப் பக்கம், 'ஒண்ணும் ஆகாது'ன்னு இந்தப் பக்கம். ரெண்டு பேருமே நம்பரைச் சொல்றதில்லை. அந்த நம்பரைத் தரும் ஆக்சிலரோமீட்டர் பற்றித்தான் இந்தப் பதிவு.

தத்துவம் ரொம்ப சிம்பிள். பஸ் சடன் பிரேக் போட்டா நாம முன்னால சாயறோமில்ல? ஸ்பிரிங்கில் கட்டிய ஒரு எடையும் அப்படித்தான் விலகும். எவ்வளவு விலகுதுன்னு அளந்தா முடுக்கம் தெரிஞ்சிடும்.

பென்னிகுக் அணையை முடித்த 1895-ல் இப்படி ஒரு கருவி எந்த அணையிலும் கிடையாது. பலத்த அதிர்ச்சியைப் பதியும் கருவிகளை அமெரிக்காவில் 1932-ல்தான் நிறுவ ஆரம்பித்தார்கள். 1933 மார்ச் 10 லாங் பீச் நிலநடுக்கத்தில் முதல் பதிவு கிடைத்தது.

நம்ம நாட்டுக்கு அந்த நாள் 1967 டிசம்பர் 11. மகாராஷ்டிராவின் கொய்னாவில் நிலம் குலுங்கி ஏறத்தாழ 180 பேர் இறந்துபோனார்கள். அணைக்குள்ளேயே இருந்த கருவி காட்டிய உச்சம், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.63 பங்கு. டிசைன் கணக்கில் எடுத்துக்கொண்டதோ வெறும் 0.05! ரெண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் கணக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் புரியுதில்ல? அணையில் விரிசல் விழுந்தது, ஆனால் உடையவில்லை. அந்தப் பதிவை வைத்துத்தான் உலகம் முழுக்க அணை மாடல்களைச் சோதிக்கிறார்கள்.

அடுத்து 1979. குஜராத்தில் வெள்ளத்தில் மோர்பி அணை உடைந்தது. அந்த வருஷமே பெரியாறு நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். அதே 1979-ல்தான் ஸ்டான்ஃபோர்டில் ராய்லன்ஸும் ஏஞ்செல்லும் சிலிக்கனில் செதுக்கிய ஆக்சிலரோமீட்டரை வெளியிட்டார்கள். எடை 0.02 கிராம்தான்! 90-களில் அந்த வகைச் சில்லு கார் ஏர்பேக்குக்குப் போனது, பிறகு செல்போனுக்குள் வந்தது. போனைத் திருப்பினா படம் திரும்புதே, அது இந்த ஆசாமியோட வேலைதான். 2020 முதல் கூகுள் ஆண்ட்ராய்டு போன்களையே நிலநடுக்கம் கண்டுபிடிக்கும் வலையாகவும் பயன்படுத்துகிறது.

இதுக்கும் நமக்கும் என்ன? 2000 டிசம்பர் 12-ல் இடுக்கிப் பக்கம் 5.0 அளவில் நிலநடுக்கம் வந்தது. 2011-ல் சின்னச் சின்ன அதிர்வுக்கே ரெண்டு பக்கமும் பதறியது. நீதிபதி ஆனந்த் குழு 2012-ல் அணை பாதுகாப்பானதுன்னு சொன்னது. உச்ச நீதிமன்றம் 2014-ல் 142 அடிக்கு மறுபடியும் அனுமதி தந்தது.

ஒரு எச்சரிக்கை மக்களே: போன் ஆப்பில் ஓடும் கோட்டைப் பார்த்து அணை நிலவரம் சொல்லாதீங்க. லாரி போனாலும் அது ஆடும். அணைக்குள் இருக்கும் கருவியின் பதிவுதான் கணக்கு. அது கோப்புக்குள்ள தூங்காம, கூடலூர்க்காரரும் வண்டிப்பெரியாறுக்காரரும் ஒரே நேரத்தில் பார்க்கிற மாதிரி இருக்கணும். நம்பரை வைத்துச் சண்டை போட்டா, சண்டைக்கு ஒரு முடிவாவது இருக்கும். என்ன சொல்றீங்க?