விறைப்பான ஸ்பிரிங்கும் கோப்ராவின் வரலாறும்



இங்கிலாந்தில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். 'கோப்ரா' என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகல் வண்டி ஒன்றைத் தம் வீட்டிலேயே பொருத்தி வருகிறாராம். "ஐயா, ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால்தானே வளைவில் வண்டி நன்றாக நிற்கும்?" என்று கேட்டார். மனைவியும் பிள்ளையும் உடன் செல்லப்போகும் வண்டி அது. ஆகவே, விடையை வரலாற்றில் தேடினேன்.

கோப்ராவின் மூலம், 1953-இல் வெளிவந்த 'ஏஸ்' என்னும் ஆங்கிலேய மகிழுந்து. ஏ.சி. நிறுவனம் செய்த அதில் 2 லிட்டர் இயந்திரம் இருந்தது. முன்னும் பின்னும் குறுக்காக அமைந்த எஃகுப் பட்டை வில்லே எடையைத் தாங்கியது. சக்கரத்தின் மேற்பகுதியைப் பிடித்து நிறுத்தியதும் அதுவே. 1961-இல் அமெரிக்கப் பந்தய வீரர் கேரல் ஷெல்பி, அவ்வண்டியில் வி-8 இயந்திரம் பொருத்தும் திட்டத்தை அந்நிறுவனத்திற்கு எழுதினார். 1962-இல் 4.2 லிட்டர் ஃபோர்ட் இயந்திரத்துடன் கோப்ரா பிறந்தது. பின்னர் அது 4.7 லிட்டராயிற்று.

7 லிட்டர் இயந்திரத்துக்குப் பழைய அமைப்பு போதவில்லை. 1965-இல் வந்த வண்டியில் அடிச்சட்டக் குழாய்களின் விட்டம் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகியது. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு கரங்கள் பிடித்தன; சுருள் ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கியது. ஒரே பொருள் செய்த இரு வேலைகள் பிரிந்தன. சக்கரத்தின் நிலையைக் கரங்கள் பார்த்துக்கொண்டதால், ஸ்பிரிங்கின் விறைப்பைத் தனியே தேர்ந்தெடுக்க முடிந்தது.

மென்மையான ஸ்பிரிங்கும் நல்ல கையாளுமையும் பகையல்ல என்பதற்கு, 1962-இல் கொலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் எலான் சான்று. 700 கிலோவுக்கும் குறைந்த அவ்வண்டியின் முதுகெலும்பு போன்ற அடிச்சட்டம் உறுதியானது, ஸ்பிரிங்கோ மென்மையானது. மேடுபள்ளத்திலும் சக்கரம் சாலையை விட்டு விலகாததால் அதன் பிடிப்பு இன்றளவும் போற்றப்படுகிறது. அளவுக்கு மீறி விறைத்த ஸ்பிரிங்கோ சக்கரத்தைத் துள்ள வைக்கும். துள்ளும் சக்கரத்தால் திரும்பவும் இயலாது, நிறுத்தவும் இயலாது.

அதற்கும் முன்பு, ரோல்ஸ்-ராய்சிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் கேடில்லாக் சென்ற மோரிஸ் ஓலி மற்றோர் உண்மையைக் கண்டறிந்தார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறும். பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறும். முன் ஸ்பிரிங் பின்னதைவிடச் சற்று மென்மையாக இருந்தால், பின்பகுதி விரைந்து அசைந்து முன்பகுதியை எட்டிப்பிடிக்கும், வண்டி தலையாட்டாது.

இனி, கணக்கு. குடும்பக் காரின் உடல் வினாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை அசையும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1.5 முதல் 2 வரை போதும். அசைவு இருமடங்காக வேண்டுமெனில் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும்! மேலும், ஸ்பிரிங் கரத்தின் நடுவில் அமர்ந்தால் அதன் விறைப்பில் கால் பங்கே சக்கரத்தை எட்டும். எனவே ஸ்பிரிங்கின் மீது பொறித்துள்ள எண்ணை மட்டும் நம்பலாகாது.

மாணவருக்கு நான் கூறிய வரிசை இதுதான்: முதலில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் எடையை நிறுத்துப் பாருங்கள். அடுத்து அசைவைத் தீர்மானித்து அதற்கேற்ற ஸ்பிரிங்கை வாங்குங்கள். பின்னர் அந்த ஸ்பிரிங்கிற்குப் பொருந்தும் அப்சோர்பரைத் தேர்ந்தெடுங்கள். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கத் தனிக் கம்பி உண்டு. அதனைக் கடைசியில் பொருத்துங்கள்.

வாங்கி வைத்திருந்த விறைப்பான ஸ்பிரிங்குகளைத் திருப்பிக் கொடுக்கப் போவதாக அவர் சொன்னார். எனக்கு நிம்மதி. வண்டியின் வடிவத்தை நகலெடுப்பது எளிது. அது ஏன் அப்படி மாறியது என்று கேட்பதே கல்வி. நம் வகுப்பறைகளிலும் அந்த 'ஏன்' ஒலிக்கட்டும்.