கொடி பிடித்த மெக்கானிக்

ஹெலிகாப்டரில் ஒரு இறக்கை இன்னொன்றைவிட கொஞ்சம் மேலே பறந்தாலே மொத்த வண்டியும் குலுங்கும். அதை முன்னாடி எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

இறக்கை நுனிகளில் வேறவேற நிறச் சாக்பீஸ் தடவுவாங்க. ஒருத்தர் கம்பத்தில் துணிக்கொடி கட்டி, சுத்துற நுனியில் லேசாப் பட வைப்பார். (நம்ம ஊர்ல கொடி பிடிக்கிறதுன்னா வேற!) துணியில் விழும் கோடுகள் ஒரே உயரத்தில் இருந்தா சரி. வியட்நாம் போரில் பறந்த ஹியூவையே எடுத்துக்கோங்க: சுழலி விட்டம் 14.6 மீட்டர், நிமிஷத்துக்கு 324 சுற்று. நுனி வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 890 கிலோமீட்டர். அதுக்குப் பக்கத்துல கம்போட ஒரு மனுஷன்! அதுவும் தரையில் மட்டும்தான் முடியும். பறக்கும்போது வர்ற அதிர்வுக்குக் கொடி உதவாது.

சாட்விக்-ஹெல்முத் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்ட்ரோபெக்ஸ் விளக்கு இதை மாத்துச்சு. சுழற்சியோட ஒத்து மின்னி, நுனியில் ஒட்டிய பளபளப்பான துண்டுகளை அந்தரத்தில் நிற்கிற மாதிரி காட்டும். கேபினுக்குள் உட்கார்ந்து, பறந்துக்கிட்டே பார்க்கலாம். அவங்களோட வைப்ரெக்ஸ் கருவி, அதிர்வு எவ்வளவு, சுழற்சியின் எந்த இடத்தில் வருதுன்னு அளந்துச்சு. ரெண்டையும் வரைபடத்தில் குறிச்சா எந்தப் பக்கம் எவ்வளவு எடை வைக்கணும்னு தெரியும். வைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பாங்க, மறுபடி அளப்பாங்க. கம்பம் பிடிக்க மட்டும் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.