நுண்ணுயிரின் கேடயம்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் ஜெரஜாக் தீவுதான் மலேசியத் தமிழரின் முன்னோர் பலர் இந்நாட்டில் முதலில் கால்பதித்த மண். தமிழகத் துறைமுகங்களில் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர் பலர், ஜார்ஜ் டவுனைக் காணுமுன் அங்கிருந்த நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே தொழுநோயாளர் அத்தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் காசநோயாளரும் அங்கே சேர்ந்தனர். இவ்விரு நோய்களின் கிருமிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் ஒன்று தாங்கிய கேடயத்தை மற்றொன்று இழந்துவிட்டது.

அக்கேடயம் ஒரு நொதி. உயிர்வளியால் வாழும் உயிரணுக்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நஞ்சு சிறிதளவு உண்டாகிறது. மனித உடலின் வெள்ளணுக்கள் அந்நஞ்சையே படைக்கலமாக்கித் தாம் விழுங்கிய கிருமிகளின்மீது ஏவுகின்றன. காசக்கிருமியோ உயிர்வளி மிகுந்த நுரையீரலின் மேற்பகுதியை நாடிக் குடியேறுவது. உள்ளும் புறமும் அதற்கு ஆபத்து. அதனிடமுள்ள கேட்டலேஸ் நொதி, நஞ்சை நீராகவும் உயிர்வளியாகவும் பிரித்துவிடுகிறது. (புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குவதும் இவ்வகை நொதியின் வேலையே, மனிதக் குருதியிலும் அது உண்டு.)

1952இல் ஐசோனயாசிட் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. மலிவானது, ஆற்றல் மிக்கது. ஆனால் விரைவிலேயே அதற்கு அடங்காத கிருமிகளும் தோன்றின. 1954இல் அமெரிக்க அறிஞர் கார்ட்னர் மிடில்புரூக் அத்தகைய கிருமிகளை ஆராய்ந்து வியப்பான செய்தியொன்றை வெளியிட்டார். அவற்றுள் பல கேட்டலேஸை இழந்திருந்தன. கினிப்பன்றிகளின் உடலில் செலுத்தியபோது அவை முன்போல் கடும்நோயை உண்டாக்கவில்லை. கிருமி மருந்திலிருந்து தப்பிவிட்டது. தப்புவதற்குத் தன் கேடயத்தையே விலையாகக் கொடுத்திருந்தது.

இவ்வாராய்ச்சி தமிழகத்தோடு இணைந்தது 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தால். அம்மையம் 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்க்கு நெருக்கடி மிக்க அவர்தம் வீடுகளிலும் ஐசோனயாசிட் உள்ளிட்ட மருந்துகளை ஓராண்டுக் காலம் கொடுத்தது. நல்லுணவும் ஓய்வும் இல்லாத வீடுகளிலும் பலன் ஏறத்தாழ அதே அளவில் இருந்ததென்று 1959இல் அறிவிக்கப்பட்டது. நோயாளரைத் தீவுகளிலும் மலைகளிலும் ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை ஆட்டங்காணச் செய்த முடிவு அது.

சென்னை நோயாளரின் கிருமிகளை டெனிஸ் மிட்சிசன் முதலியோர் பிரிட்டானியக் கிருமிகளோடு ஒப்பிட்டனர். மருந்தையே காணாத சென்னைக் கிருமிகளுள் பல, கினிப்பன்றிகளில் வீரியம் குன்றியிருந்தன. ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் எளிதில் மடிந்தன. டி. வி. சுப்பையாவும் பங்குகொண்ட இவ்வாய்வுகள் 1960 முதல் வெளிவந்தன. ஆனால் அக்கிருமிகளைச் சுமந்த மனிதர்கள் கடும் நோயுற்றே மருத்துவரை நாடினர். கினிப்பன்றியை அளவுகோலாகக் கொண்டு மனிதனின் துன்பத்தை அளத்தல் இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மருந்துக்கும் நொதிக்கும் உள்ள உறவு தெளிவாவதற்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் யிங் ஜாங் முதலியோர் கேட்டலேஸை ஆக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்துக் காட்டினர். ஐசோனயாசிட் தானாகக் கொல்வதில்லை. அந்நொதியே அதனைக் கொல்லும் பொருளாக மாற்றுகிறது. உயிர்வளியின் நஞ்சைத் தடுக்கும் கேடயமே மருந்துக்கு வாயிலாகவும் அமைந்திருந்தது. தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி 2001இல் முழுமையாகப் படிக்கப்பட்டபோது, அதே மரபணு அங்கே சிதைந்து கிடப்பது காணப்பட்டது. ஜெரஜாக்கில் காசநோயாளர்க்குப் பயன்படக்கூடிய ஐசோனயாசிட், அங்கிருந்த தொழுநோயாளர்க்கு உதவாது என்பதன் காரணம் இதனால் விளங்கும்.

காசக்கிருமி அதற்குள் வேறு வழி கண்டுவிட்டது. இன்று ஐசோனயாசிட்டுக்கு அடங்காத கிருமிகள் பலவற்றில், நொதியின் 315ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தால் மருந்து கொல்லும் பொருளாவது தடைப்படுகிறது. பெராக்சைடைச் சிதைக்கும் ஆற்றலோ பெருமளவு எஞ்சி நிற்கிறது. மிடில்புரூக் கண்ட கிருமிகளைப் போல இவை வீரியத்தை இழக்கவில்லை.