பென்சில் கோடும் பூட்டின சிப்பும்

வரலாறு எண்டால் அரசர், போர், ஒப்பந்தம் எண்டு படிச்சுப் பழகின எங்களுக்கு, ஒரு பென்சில் கோட்டுக்கும் வரலாறு இருக்கு எண்டால் கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கும். ஆனால் 2000ஆம் ஆண்டில், ஏஎம்டி கொம்பனி பூட்டி விற்ற கணினிச் செயலிகளை ஆக்கள் சாதாரணப் பென்சிலால் கோடு கீறித் திறந்தார்கள். அடுத்த வருசமே அதே பென்சில் வேலை செய்யாமல் போனது. ஏன் செய்யவில்லை எண்டு அவர்கள் தேடின கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒரு செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம். ஒன்று, மதர்போர்ட் தரும் பஸ் வேகம். மற்றது, செயலிக்குள் இருக்கும் பெருக்கி. பஸ் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 6 எண்டால் 600 மெகாஹெர்ட்ஸ். பெருக்கியை 9 ஆக்கினால் 900. விற்ற வேகத்தை விடக் கூட்டி ஓடவிடுகிற இந்த வேலைக்குத்தான் ஓவர்குளொக்கிங் எண்டு பெயர்.

அது எப்பிடி 600க்கு விற்ற சிப் 900இல் ஓடும்? ஒரே வடிவமைப்பில் செய்த சிப்புகளைச் சோதிச்சுப் பார்த்துத்தான் வேகம் குறிக்கிறார்கள். உற்பத்தி நல்லாத் தேறினபிறகு பெரும்பாலான சிப்புகள் வேகமாக ஓடக்கூடியவையாகவே வெளிவரும். ஆனால் சந்தையில் மலிவான சிப்புக்குத்தான் ஆக்கள் கூட. அதனால் நல்ல சிப்புகளிலும் ஒரு பகுதி குறைந்த வேகத்தின் பெயரில் போகும். கையில் காசு குறைந்தவருக்கு இது ஒரு கதவு.

அந்தக் கதவை மூடுவதற்குக் கொம்பனிகளிடம் ஒரு நியாயமான காரணமும் இருந்தது. 1990களில் சில வியாபாரிகள் மலிவான செயலியின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டி, கூடின வேகத்தை அச்சடித்து, கூடின விலைக்கு விற்றார்கள். பெருக்கியைப் பூட்டினால் இந்த ஏமாற்று கடினமாகும். ஆனால் அதே பூட்டு, காசு கொடுத்து வாங்கினவரையும் வெளியே நிறுத்தியது. ஏமாற்றுக்காரனைத் தடுக்கவா, விலை வித்தியாசத்தைக் காக்கவா? இரண்டும் ஒரே பூட்டுக்குள் இருந்ததால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இன்டெல் பெருக்கியைப் பூட்டினபிறகு ஆக்கள் பஸ் பக்கம் போனார்கள். 1998 ஓகஸ்ட்டில் வந்த செலரொன் 300ஏ இதில் பெயர் எடுத்தது. பஸ்ஸை 66இல் இருந்து 100க்கு மாற்றினால், 4.5 எண்ட பூட்டின பெருக்கியோடேயே 450 மெகாஹெர்ட்ஸ். அதே மாதம் வந்த இன்டெலின் வேகமான பென்டியம் 2வும் 450தான். ஆனால் பஸ்ஸைக் கூட்டினால் மெமரி, கார்ட் எல்லாம் அந்த வேகத்துக்கு இழுபடவேண்டி வரும். பெருக்கியை மட்டும் மாற்றமுடிந்தால் அந்தத் தொல்லை இல்லை.

2000 ஜூனில் ஏஎம்டியின் புதிய அத்லோனும் டியூரனும் வந்தன. இவற்றின் மேற்பரப்பில் எல்1 எண்டு குறித்த சின்னப் புள்ளிச் சோடிகள் வெளியே தெரிந்தன. அவற்றை இணைக்கும் கோடுகளை லேசரால் வெட்டித்தான் பெருக்கியைப் பூட்டினார்கள். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். வெட்டின இடத்தின் மேல் அழுத்திக் கோடு கீறினால் பாலம் திரும்ப இணையும். பூட்டு திறக்கும்.

எல்லாருக்கும் முதல் தரத்திலேயே சரிவரவில்லை. தோல்வி இரண்டு மாதிரி வந்தது. கணினி வழமைபோல எழும்பும், ஆனால் பெருக்கி மாறாது. அப்பிடியெண்டால் கோடு மெல்லியது, மின்சாரம் போதியளவு போகவில்லை. அல்லது அந்த மதர்போர்ட்டில் பெருக்கியை மாற்றும் வசதியே இல்லை. இரண்டாவது மாதிரி பயங்கரம்: திரை கறுப்பாகவே நிற்கும். அனேகமாகக் கரி பக்கத்துப் பாலத்தோடும் ஒட்டியிருக்கும். அல்கஹோலால் துடைத்து, காயவிட்டு, மல்ரிமீற்றரால் ஒவ்வொரு சோடியையும் அளந்து பார்த்தார்கள். சேரவேண்டியது சேர்ந்திருக்கா, சேரக்கூடாதது பிரிந்திருக்கா? இந்த இரண்டு கேள்விகள்தான் முழு வைத்தியமும். சில கோடுகள் நாள்போகக் கரி உதிர்ந்து திரும்பப் பூட்டிக்கொண்டதும் உண்டு.

2001 ஒக்ரோபரில் அத்லோன் எக்ஸ்பி வந்தபோது நிலைமை மாறியது. செராமிக் தட்டுக்குப் பதிலாக நார்ப்பிசின் தட்டு. எல்1 புள்ளிகளுக்கு இடையில் இப்போது வெறும் வெட்டு இல்லை, லேசரால் தோண்டின பள்ளம். பழைய பழக்கத்தில் பென்சிலை எடுத்தவர்கள் தோற்றார்கள். அழுத்திக் கீறினால் குறை இன்னும் கூடியது. காரணம் பள்ளத்தின் அடியில் இருந்தது. அங்கே தரையிணைப்புச் செம்பு வெளியே தெரிந்தது. கரி பள்ளத்துக்குள் விழுந்தால் மறுபக்கப் புள்ளியோடு சேராமல் அந்தச் செம்போடு சேர்ந்துவிடும்.

பிழை எங்கே எண்டு விளங்கினதும் வழியும் தெரிந்தது. மின்சாரம் கடத்தாத சுப்பர் குளூவால் முதலில் பள்ளத்தை நிரப்பவேண்டும். காய்ந்தபின் மேற்பரப்பைச் சமப்படுத்தி, பக்கத்துப் புள்ளிகளை ரேப்பால் மறைத்து, மின்கடத்தும் பூச்சால் மெல்லிய பாலம் போடவேண்டும். காரின் பின்கண்ணாடியில் இருக்கும் சூடாக்கும் கோடுகளைத் திருத்த விற்கிற பூச்சே இதுக்குப் போதுமாக இருந்தது. இதையெல்லாம் செய்தவர்களில் கனபேர் பொறியியலாளர்கள் இல்லை. பூட்டைத் திறக்கப் போய், செயலித் தட்டு அடுக்கடுக்காகச் செய்யப்பட்டது எண்ட உண்மையைக் கையால் கற்றுக்கொண்டார்கள்.

2003இன் பிற்பகுதியில் ஏஎம்டி பூட்டைச் சிப்புக்கு உள்ளேயே கொண்டுபோனது. பென்சிலும் பூச்சும் எட்டாத இடம் அது. அதன்பிறகு திறந்த பெருக்கி தனிச் சரக்காகியது. இன்டெல் 'கே' எண்ட எழுத்தோடு வரும் செயலிகளைக் கூடின விலைக்கு விற்கத் தொடங்கியது. 2010இல் இன்னும் ஒரு படி மேலே போய், பென்டியம் ஜி6951 வாங்கினவர் 50 டொலர் அட்டை ஒன்றை வாங்கி இலக்கத்தை அடித்தால், சிப்புக்குள் ஏற்கெனவே இருந்த வசதிகள் திறக்கும் எண்டது. எதிர்ப்புக் கிளம்பியது, அடுத்த வருசம் அந்தத் திட்டம் நின்றுபோனது.

இந்த இரண்டு பூட்டுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் கவனிக்கவேண்டும். எல்1 பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது. திறக்க முயன்று தோற்றால், ஏன் தோற்றோம் எண்டு தேடவும் முடிந்தது. சிப்பைப் பழுதாக்கினால் நட்டம் தன்னுடையது எண்டும் தெரிந்தே இறங்கினார்கள். அட்டைப் பூட்டில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை, காசு கட்டுவது மட்டுந்தான். இண்டைக்கு எங்கட கையில் இருக்கிற ஃபோனிலயும் லப்டொப்பிலயும் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைப் பூட்டு. ஒரு பொருளுக்கு முழுக் காசும் கொடுத்தபின், அதில் எவ்வளவு எங்களுடையது? பென்சிலோடு குனிந்திருந்த அந்த ஆக்கள் இந்தக் கேள்வியை எழுதிவைக்கவில்லை. ஆனால் அவர்கள் கீறின கோடு கேட்டது அதைத்தான்.