சடங்கைக் கழற்றிவிட்ட மொய்

கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. ஆனாலும் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து வைத்து மொய் வாங்குவார்கள். தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கத்திலும் ஆடி பிறந்தால் இதுதான் பேச்சு. பாசத்தைக் காசாக்குகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் மொய்க்குள் கணக்கு என்றைக்கும் இருந்தது. இந்த ஊர்கள் அதன்மேல் இருந்த சடங்கை மட்டும் கழற்றிவிட்டன. அதற்குக் காரணமும் உண்டு. ஊரெல்லாம் மொய் செய்துவிட்டு, தன் வீட்டில் விசேஷமே வராத குடும்பம் போட்ட பணத்தை எப்போது எடுக்கும்? போர்க்குழாய் வற்றுவதும் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும் முகூர்த்தம் பார்த்து வருவதில்லை. விருந்து தனியே பிரிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எந்தக் குடும்பமும் மொத்தமாகப் பணம் திரட்ட வழி பிறந்தது. முகூர்த்தமில்லாத ஆடி அதற்கு வாகாகக் கிடைத்தது. பல பேர் ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பங்குபோட்டுக்கொள்வதும் வழக்கமானது.

குடும்ப வாழ்க்கையைப் பொருளியல் கொண்டு அளக்கலாம் என்று வாதிட்டுத் தனிநூலே எழுதிய கேரி பெக்கருக்கு 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது. பத்திரமும் ஈடும் இல்லாத இந்தக் கடன் எப்படித் திரும்பி வருகிறது என்பது பெக்கர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. பதில் மொய் நோட்டில் இருக்கிறது. ஊர், பெயர், தொகை என்று வரி வரியாக எழுதி வைத்து, அடுத்தவர் விருந்துக்குப் போகுமுன் அதைப் புரட்டுகிறார்கள். ஆயிரம் வாங்கியவர் அதோடு ‘புது நடை’யாக இன்னும் ஒரு தொகை சேர்த்து வைக்கிறார். அது வட்டியல்ல, அடுத்த சுற்றுக்கான கடன். வாங்கியதை மட்டும் வைத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று அர்த்தம். கொடுக்காமல் இழுத்தடிப்பவர் பேர் கெட்டுவிட்டால், நாளை அவர் பந்தலுக்கு யார் வருவார்கள்?

அப்படியானால் உறவு வெறும் வியாபாரமா? இல்லை. முகம் தெரியாதவரோடு இந்த ஏற்பாடு ஒரு நாளும் ஓடாது. உறவுதான் இங்கே ஜாமீன். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. முதலில் கொடுக்க முடிந்தவன்தான் பிறகு வாங்க முடியும். கையில் எதுவும் மிஞ்சாத கூலிக்காரனுக்கு இந்தப் பந்தலில் இடமில்லை. அதை மறுக்க முடியாது. இன்னொரு பலவீனத்தை 2018 நவம்பரில் கஜா புயல் காட்டியது. செய்ய வேண்டியவர் தென்னையும் வாங்க வேண்டியவர் தென்னையும் ஒரே இரவில் சாய்ந்தால் நோட்டில் உள்ள வரவு நோட்டிலேயே நிற்கும். பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுக்கும் இந்திய விவசாயக் குடும்பங்கள் மழை பொய்த்த ஆண்டை அந்தச் சம்பந்தத்தால் தாங்கிக்கொள்கின்றன என்று ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் என்ற இரு பொருளியலாளர்கள் 1989-ல் எழுதினார்கள். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் விளைச்சல் கெடுவது அபூர்வம் என்பதுதான் அதன் சூட்சுமம். மொய்யோ பெரும்பாலும் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. அதனால் அப்படிப்பட்ட ஆண்டில் பந்தலைத் தாங்கக்கூடியது, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளின் மொய்தான்.