சாமுராய் வாளும் மாசக் கடைசியும்

வாள் சேர்க்கிற பைத்தியத்துக்கு எவ்வளவு காசு ஒதுக்கணும்? எங்களை மாதிரி பொட்டி தட்டுற கூட்டத்துல கேட்டா உடனே ஒரு எக்செல் ஷீட் போட்டுக் காட்டுவாங்க. வாள் இவ்வளவு, பார்சல் கூலி இவ்வளவு, சுங்க வரி இவ்வளவு, வீட்டம்மாகிட்ட சொல்ற விலை இவ்வளவு :-)

கொஞ்ச நாளா ஜப்பானிய வாள்களோட வரலாற்றைப் படிச்சுக்கிட்டு வரேன். வாங்குறவன் பட்ஜெட்டைப் பத்தி எல்லாரும் எழுதுறாங்க. ஆனா படிக்கப் படிக்க எனக்கு விக்கிறவன் பட்ஜெட் மேல தான் கண்ணு போகுது. ஒரு நல்ல வாள் சந்தைக்கு வருதுன்னா பெரும்பாலும் எங்கேயோ ஒரு வீட்டுக் கணக்கு உடைஞ்சிருக்கு. நானூறு வருஷமா இதே கதை தான்.

முதல்ல மசமுனே. பதிமூணாம் நூற்றாண்டு கடைசியிலயும் பதினாலாம் நூற்றாண்டு தொடக்கத்துலயும் சகாமி நாட்டுல இருந்த கொல்லர். ஜப்பான்ல வாள்னு சொன்னா இவர் பேர் தான் முதல்ல வரும், நமக்குச் சிற்பின்னா ஜக்கணாச்சாரி ஞாபகம் வர்ற மாதிரி. இவர் செஞ்சதுல ரொம்பப் பிரபலமான ஒண்ணுக்கு 'ஹோன்ஜோ மசமுனே'ன்னு பேரு. ஹோன்ஜோ ஷிகெனாகாங்கிற படைத்தலைவர் போர்க்களத்துல ஒரு எதிரியோட மோதினப்ப, அந்த எதிரி இந்த வாளால போட்ட வெட்டுல இவரோட தலைக்கவசம் பிளந்ததாம். ஆள் பிழைச்சுக்கிட்டார், எதிரியை வீழ்த்தி வாளையும் எடுத்துக்கிட்டார். இது வரைக்கும் சினிமா.

அடுத்து வர்றது தான் நம்ம மேட்டர். 1590-கள்ல ஃபுஷிமி கோட்டை கட்டுற வேலைக்கு இவரை அனுப்பினாங்க. போன இடத்துல கையில இருந்த காசு கரைஞ்சு போச்சு. ஆன்சைட் போன இடத்துல சாப்பாட்டுக் காசு பத்தாம முழிக்கிறவங்களுக்கு இது புரியும். தலையைப் பிளக்க வந்த வாளை, டொயோடோமி ஹிடெட்சுகுங்கிற பெரிய இடத்து ஆளுக்கு 13 ஓபானுக்கு வித்துட்டார். ஓபான்கிறது உள்ளங்கையை விடப் பெருசான, முட்டை வடிவத் தங்கத் தகடு. ஒண்ணு சுமார் 165 கிராம். பதிமூணும் சேர்ந்தா ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். சுத்தத் தங்கம் கிடையாது, வெள்ளி கலந்தது. அப்புறம் கை மாறி மாறி வாள் டோக்குகாவா குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வித்தவருக்கு மாசக் கடைசி, வாங்கினவருக்குப் பொக்கிஷம். இந்த வாள் கடைசியில மறுபடியும் வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, ஒரு வாளுக்கு 13 ஓபான்னு விலை சொல்றது யாரு? இங்க தான் ஹோன்'ஆமி குடும்பம் வருது. வாளை மெருகேத்துறது, சுத்தம் பண்றது, எடை போட்டுச் சொல்றது மூணும் இவங்க பரம்பரைத் தொழில். வாளைப் பார்த்துட்டு இது இன்னார் செஞ்சது, இத்தனை தங்கத் தகடு பெறும்னு ஒரு கெட்டித் தாள்ல எழுதி, முத்திரை வச்சு, மடிச்சுக் கொடுப்பாங்க. மடிச்ச தாள்ங்கிறதுக்கு ஜப்பான் பாஷையில 'ஒரிகாமி'. காகிதத்துல கொக்கு செய்யிற கலைக்கும் அதே சொல் தான். இன்னிக்கும் ஜப்பான்ல ஒரு சரக்கு நம்பகமானதுன்னு சொல்ல, 'ஒரிகாமி ஒட்டினது'ன்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல பழைய வண்டிக்கு ஆர்.சி. புக், நகைக்கு ஹால்மார்க் மாதிரி.

எடோ காலத்துல ஷோகுன்களும் பிரபுக்களும் ஒருத்தருக்கொருத்தர் வாளைத் தான் பரிசாக் கொடுத்துக்குவாங்க. பட்டமேற்பா, கல்யாணமா, வாரிசு பிறந்திருக்கா, எடு ஒரு வாள். அந்தஸ்துக்கு ஏத்த விலை இருந்தாகணுமே, அதனால தாள் கட்டாயம். கிட்டத்தட்ட மொய் நோட்டு தான். இங்க எழுதினது அங்க திரும்பி வரணும். விலை எழுதுற அதிகாரம் ஒரு குடும்பத்து கையில இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? பதிமூணாவது தலைக்கட்டான ஹோன்'ஆமி கோச்சு ரொம்பக் கறாரானவர், அவர் தாள்னா சேர்க்கிறவங்க இன்னிக்கும் கண்ணுல ஒத்திக்குவாங்க. பின்னாடி வந்தவங்க எழுதின தாளுக்கு அந்த மரியாதை கிடையாது. இதே கோச்சு தான் 1719-ல ஷோகுன் யோஷிமுனே கேட்டுக்கிட்டதுக்காக நாட்டுல உள்ள பேர்போன வாள்களுக்கு ஒரு பட்டியல் தயாரிச்சார். அதுல தீ விபத்துல எரிஞ்சு போன வாள்களுக்கும் தனிப் பகுதி இருக்கு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

தாள் தவிர பெஞ்ச்மார்க் டெஸ்ட்டும் உண்டு. யமடா அசயெமோன்கிற பேர்ல பரம்பரையா ஒரு குடும்பம், மரண தண்டனை அடைஞ்சவங்களோட உடம்புல வாளை வெட்டிப் பார்த்து ரிசல்ட் சொல்லும். அந்த ரிசல்ட்டைப் பிடிக்குள்ள மறைஞ்சிருக்கிற அடிப்பகுதியில தங்கத்துல பொறிச்சு வைப்பாங்க. 1797-ல வந்த ஒரு புத்தகத்துல கொல்லர்களைத் தரம் பிரிச்சே போட்டுட்டாங்க. குடலைப் புரட்டுற சமாசாரம் தான். ஆனா 'இந்த வாள் நல்லா வெட்டுமா'ங்கிற கேள்விக்கு வேற எப்படிப் பதில் சொல்றதுன்னு அந்தக் காலத்து ஆள் கேட்பான்.

தாளும் டெஸ்ட்டும் எதுக்குன்னா போலிக் கையெழுத்து அவ்வளவு. பதினேழாம் நூற்றாண்டுல கொட்டெட்சுன்னு ஒரு கொல்லர், முதல்ல கவசம் செஞ்சவர், அப்புறம் வாளுக்கு மாறினவர். இவர் கையெழுத்தைப் போலியாப் போட்டவங்க எக்கச்சக்கம். கொட்டெட்சுவைப் பார்த்தா முதல்ல போலின்னு நினைச்சுக்கோன்னு சேர்க்கிறவங்க மத்தியில ஒரு பேச்சே உண்டு. ஷின்செங்குமி தலைவர் கொண்டோ இசாமி பெருமையா இடுப்புல கட்டியிருந்த கொட்டெட்சுவே போலின்னு தான் பலரும் சொல்றாங்க.

இப்ப விக்கிறவன் பக்கம் வருவோம். எடோ காலத்துல சாமுராய்க்குச் சம்பளம் அரிசியில. ரொம்பப் பேருக்குச் சம்பளம் தலைமுறை தலைமுறையா அப்படியே நிக்கும், ஊர்ல விலைவாசி ஏறிக்கிட்டே போகும். அரிசியைக் காசாக்கித் தர்ற தரகர்கள் எடோ நகரத்துல குராமேங்கிற இடத்துல கடை போட்டிருந்தாங்க. அடுத்த சம்பள அரிசியை ஈடாக் காட்டிக் கடன் வாங்குறது, அதுக்கு வட்டி, வட்டிக்கு இன்னொரு கடன். நிலைமை முத்திப் போய் 1789-ல ஷோகுன் அரசாங்கம் ஆறு வருஷத்துக்கு முந்தின கடன்களை எல்லாம் தள்ளுபடி பண்ணிச்சு. ஆமாங்க, கடன் தள்ளுபடி! தரகர்கள் உடனே புதுக் கடன் கொடுக்கிறதை இறுக்கினதும், சாமுராய்கள் முன்னை விடத் திண்டாடினதும் நம்ம ஊர்ப் பேப்பர் படிச்ச மாதிரியே இருக்கும்.

இப்படிப்பட்டவன் வீட்டுல அடகு வைக்க என்ன இருக்கும்? வாள் தான். ஆனா சாமுராய் இடுப்புல வாள் இல்லாம வெளிய போக முடியாது. அதனால உறையும் பிடியும் அப்படியே இருக்கும், உள்ள மூங்கில் பட்டை. இதுக்கு 'டகெமிட்சு'ன்னு பேரு. டகென்னா மூங்கில். நாகமிட்சு, கனெமிட்சுன்னு பெரிய கொல்லர்கள் பேர் இருக்கு இல்லையா, அந்தப் பாணியிலயே ஒரு கிண்டல். கோபயாஷி எடுத்த 'ஹராகிரி' (1962) படம் பார்த்தவங்களுக்கு அந்த மூங்கில் வாள் மறக்காது. பார்க்காதவங்க பாருங்க, நான் கதை சொல்ல மாட்டேன்.

அடுத்த அடி 1876. மார்ச்ல, ராணுவமும் போலீசும் தவிர வேற யாரும் பொது இடத்துல வாள் கட்டக் கூடாதுன்னு மெய்ஜி அரசாங்கம் ஆணை போட்டுச்சு. ஆகஸ்ட்ல பரம்பரைச் சம்பளத்தையும் நிறுத்திட்டு, கையில பத்திரத்தைக் கொடுத்து வட்டியில பொழைச்சுக்கோன்னு சொல்லிடுச்சு. அரசாங்கத்தைத் தப்பு சொல்றதுக்கும் இல்லை, வருமானத்துல பெரும் பங்கு இந்தச் சம்பளத்துக்கே போய்க்கிட்டு இருந்தது. அக்டோபர்ல குமமோட்டோவுல ஒரு கூட்டம், துப்பாக்கியைத் தொட மாட்டோம்னு வாளோடயே கலகம் பண்ணி அழிஞ்சு போச்சு. அவங்களைப் பத்தி எழுத நிறையப் பேர் இருக்காங்க. கலகம் எதுவும் பண்ணாம, பெட்டியில இருந்த வாளைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு பழைய சாமான் கடைக்குப் போனவங்க தான் அதிகம், அவங்களைப் பத்தி யாரும் அவ்வளவா எழுதலை. கட்ட முடியாத வாளை, எல்லாரும் ஒரே நேரத்துல விக்க வந்தா விலை என்ன ஆகும்? வாள்களும், கைக்காப்பாப் போட்டிருந்த 'ட்சுபா' தகடுகளும் கப்பல் கப்பலா ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போச்சு. மேலைநாட்டு மியூசியங்கள்ல இன்னிக்குப் பார்க்கிற பெரிய சேகரிப்புகள் பலதுக்கு விதை அந்த வருஷங்கள்ல விழுந்தது தான். கொல்லர்கள் பலர் சமையல் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் மாறினாங்க. இத்தனைக்கும் மெய்ஜி சக்கரவர்த்தியே வாள் பிரியர், நல்லா சேர்த்து வச்சிருந்தார். அவருக்கு மாசக் கடைசி கிடையாதே.

மூணாவது அடி 1945. தோத்த நாட்டுல ஆயுதத்தை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்க ராணுவம் உத்தரவு போட்டது. கலைப்பொருளையும் போருக்குன்னு ஃபேக்டரியில அடிச்சதையும் பிரிச்சுப் பார்க்கணும்னு ஹோம்மா ஜுன்ஜி மாதிரி நிபுணர்கள் போராடி, கொஞ்சம் கொஞ்சமா வழி கிடைச்சது. டோக்கியோவுல அகபனேங்கிற கிடங்குல குவிச்சு வச்சதுல ஐயாயிரத்துக்கும் மேல கலைமதிப்பு உள்ளதுன்னு தேறிச்சு. தேறாததோட கதி தெரிஞ்சது தானே, பலது கடல்லயும் உலையிலயும் போச்சு. பலது சிப்பாய்களோட மூட்டையில அமெரிக்கா போச்சு. டோக்குகாவா இயெமசா, சட்டத்தை மதிக்கிறவராக, 1945 டிசம்பர்ல குடும்ப வாள்களை மெஜிரோ போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சார். அதுல ஹோன்ஜோ மசமுனேவும் ஒண்ணு. 1946 ஜனவரியில போலீஸ் அதை ஒரு அமெரிக்க சிப்பாய்கிட்ட கொடுத்ததாச் சொல்றாங்க. அதுக்கப்புறம் யாரும் பார்க்கலை. 13 ஓபான் இப்போ எந்த வீட்டுப் பரண்ல இருக்கோ.

சரியா இந்த இடத்துல தான் நவீன 'ஹாபி' பிறக்குது. போருக்கப்புறம் அமெரிக்காவுல வாள் அடிமாட்டு விலை. வால்டர் காம்ப்டன்னு இண்டியானாவுல ஒரு மருந்துக் கம்பெனி அதிகாரி, அல்கா-செல்ட்சர் மாத்திரை செய்யிற கம்பெனி. அட்லாண்டாவுல ஒரு பழைய பொருள் கடையில வாங்கின வாள், ககோஷிமாவுல டெருகுனி கோவிலுக்குச் சொந்தமான குனிமுனே, தேசியப் பொக்கிஷம்னு பின்னாடி தெரிஞ்சது. 1963-ல பைசா வாங்காம திருப்பிக் கொடுத்தார். நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு கேக்காதீங்க.

அப்புறம் காத்து திசை மாறிச்சு. 1971 வரைக்கும் ஒரு டாலருக்கு 360 யென். எண்பதுகளோட கடைசியில 130 பக்கம் வந்துடுச்சு. ஜப்பான் வியாபாரிகள் அமெரிக்க ஊர் ஊராப் போய், ஹோட்டல்ல ரூம் போட்டு, 'சாமுராய் வாள் வாங்குகிறோம்'னு பேப்பர்ல விளம்பரம் கொடுத்து, பழைய சிப்பாய்கள் வீட்டுல தூங்கினதை எல்லாம் வாங்கிக்கிட்டுப் போனாங்க. சிப்பாய் செத்துப் போய், விதவை வீட்டைக் காலி பண்ணும்போது கிடைச்சதும் உண்டு. விக்கிறவன் முகம் மாறினதே தவிர வேற எதுவும் மாறலை. காம்ப்டன் இறந்த பிறகு, 1992-ல நியூயார்க் கிறிஸ்டீஸ்ல அவர் சேகரிப்பை ஏலம் விட்டாங்க. ஒரு கமகுரா காலத்து வாள் மட்டும் 4,18,000 டாலருக்குப் போச்சு.

இன்னிக்கு வாங்க நினைக்கிறவனுக்கு எக்செல் ஷீட்ல என்ன இருக்கணும்? 1948-ல ஆரம்பிச்ச கலை வாள் பாதுகாப்புச் சங்கம் தான் இப்போதைய ஹோன்'ஆமி, அவங்க தாள் பல படிநிலைகள்ல வருது. தாள் இல்லாத வாள் மலிவாக் கிடைச்சா அந்த மலிவுக்குக் காரணம் இருக்கும். அடுத்து மெருகு. துருப்பிடிச்ச வாளைக் கொஞ்ச விலைக்கு வாங்கி மெருகேத்திக்கலாம்னு தோணும். முறையாப் படிச்ச ஆளுக்குக் கூலி அங்குலக் கணக்கு, அங்குலத்துக்கு நூறு டாலருக்கு மேல. 28 அங்குல வாளுக்கு நீங்களே பெருக்கிக்கோங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதுக்குப் பயந்து ஊர்ல உள்ள சாணை பிடிக்கிறவர்கிட்ட கொடுத்தா வாள் அன்னிக்கே செத்துது. நல்ல மெருகுலயே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இரும்பு தேயும், எழுநூறு வருஷத்து வாளுக்கு இன்னும் எத்தனை மெருகு மிச்சம்னு ஒரு கணக்கு இருக்கு. முதல் வருஷப் பட்ஜெட்டைப் புத்தகத்துக்கே செலவு பண்ணுன்னு பழைய ஆட்கள் சொல்றது இதனால தான்.

என் கையில காசு இருந்தா பழசு வாங்க மாட்டேன். உயிரோட இருக்கிற ஒரு கொல்லர்கிட்ட ஆர்டர் கொடுப்பேன். லைசென்ஸ் வாங்கின கொல்லர் மாசத்துக்கு ரெண்டு நீள வாளுக்கு மேல செய்யக் கூடாதுன்னு ஜப்பான்ல கட்டுப்பாடு. இரும்பு ஷிமானேயில 1977-ல மறுபடி ஏத்தின பழைய முறை உலையிலருந்து வரணும், அடிச்சு முடிச்சா மெருகு, உறை எல்லாத்துக்கும் வேற வேற கைகளுக்குக் கூலி போகணும். ஆர்டர் வராத மாசத்துல அவரும் சமையல் கத்தி தான் அடிக்கிறார். அதனால விலை சொன்னா நான் பேரம் பேச மாட்டேன். காத்திருக்கிறது ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, அட்வான்ஸை மட்டும் அவரோட மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடுவேன்.