கிராஸ்ஓவர் (ஒலிபெருக்கி)

ஆம்பிளிஃபயரிலிருந்து வரும் மின்குறிப்பை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, தாழ்ந்த பகுதியை வூஃபருக்கும் உயர்ந்த பகுதியை ட்வீட்டருக்கும் அனுப்பும் மின்சுற்று கிராஸ்ஓவர். எங்கே பிரிப்பது என்பதை ட்ரைவர்களின் (வூஃபர், ட்வீட்டர் போன்ற ஒலி எழுப்பும் அலகுகளின்) இயல்பே தீர்மானிக்கிறது.

தோற்றம்

இன்றைய கூம்பு ஒலிபெருக்கிக்கு 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெல்லாக் இருவரும் அடித்தளமிட்டனர். பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் 1931 மார்ச் 14இல் ‘ஆலம் ஆரா’ என்ற பேசும் படம் வெளியானது. அதற்குள் பேசும் படங்கள் உலகெங்கும் பரவி, பெரிய அரங்குகளுக்கு ஒற்றை ட்ரைவர் போதாமல் போயிருந்தது. 1930களின் நடுவில் எம்.ஜி.எம். ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரரின் குழு இருவழிக் கொம்பு ஒலிபெருக்கியை வடிவமைத்தது. இரு கொம்புகளின் ஒலியும் முன்பின்னாக வந்தால் ஒரு தட்டு இரண்டாகக் கேட்கும். அதனால் ஒலிப்பாதைகளின் நீளத்தை நெருங்கச் செய்தனர்.

வீட்டு ஒலிபெருக்கி

எட்கர் வில்ச்சூரின் ஏஆர்-1 (1954) மூடிய சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலியைத் தந்தது; ஏஆர்-3 (1958) குவிமாட ட்வீட்டரைக் கொண்டுவந்தது. தீல் (1961), ஸ்மால் (1970களின் தொடக்கம்) ஆகியோரின் கணக்குகளால் வூஃபருக்கேற்ற பெட்டியை அளவிட முடிந்தது. 1970களில் பிபிசி உருவாக்கிய எல்எஸ்3/5ஏ, கெஃப் நிறுவனத்தின் பெக்ஸ்ட்ரீன் கூம்பையும் 19 மி.மீ. ட்வீட்டரையும் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் இணைத்தது. 1976இல் சீக்ஃபிரிட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலியுடன் வகுத்த வடிப்பியை வெளியிட்டார். அதில் இரு ட்ரைவர்களும் சந்திப்பு அதிர்வெண்ணில் 6 டெசிபல் தாழ்ந்து, ஒரே கட்டத்தில் கூடிச் சமனாகின்றன.

ட்ரைவர் தேர்வு

3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 செ.மீ. அதைவிட அகலமான 8 அங்குல வூஃபர் அங்கே ஒலியை நேர்முகமாகவே வீசும். பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு ஒலி குறையும். ட்வீட்டரை அதன் ஒத்ததிர்வெண்ணுக்கு அருகே இறக்கினால் ஒலி சிதையும். இவ்விரு எல்லைகளுக்கு இடையிலேயே சந்திப்பு அமைய வேண்டும். செவி மிகக் கூர்மையாக இருப்பதும் அப்பகுதியில்தான். மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் ஒலிக்கும் கர்நாடக வாய்ப்பாட்டின் மெய்யெழுத்துத் தெளிவும் வயலின் வில்லின் உரசலும் அங்கேயே சோதிக்கப்படுகின்றன.

மும்பையில்

கிராண்ட் ரோடு நிலையத்தருகே உள்ள லாமிங்டன் ரோடு சந்தையில் ட்ரைவர், காயில், கெபாசிட்டர் எல்லாம் உதிரியாகக் கிடைக்கும். 8 ஓம், 3,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கணக்கிட்டால் எளிய கிராஸ்ஓவருக்கு 6.6 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 0.42 மில்லிஹென்றி காயிலும் போதும். ஆனால் வூஃபரின் மின்மறுப்பு 8 ஓமில் நிற்பதில்லை. உள்சுருளின் தூண்டத்தால் அதிர்வெண்ணோடு ஏறும். ஆகவே ரெடிமேட் கிராஸ்ஓவர் பலகை கணக்கிட்ட இடத்தில் பிரிப்பதில்லை. ஒரு மின்தடையையும் கெபாசிட்டரையும் தொடராக்கி வூஃபருக்கு இணையாகச் சேர்த்து இந்த ஏற்றத்தைச் சமன்செய்வர். மைக்கும் கணினி மென்பொருளும் வைத்து அளந்து திருத்துவது இன்று வீட்டிலேயே முடிகிறது. டிஜிட்டல் கிராஸ்ஓவர் காயிலையும் கெபாசிட்டரையும் நீக்கிவிட்டாலும், ட்ரைவரின் எல்லைகள் அப்படியே இருக்கின்றன.